ஆறாவது லெவலில் நிறுத்திவிடு: ஈ6 என்ற ஹவுஸ் ரூல், ஒரு நிகழ்வு ஆய்வு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரம் எடுத்து, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதன் 3.5 பதிப்பை வருடக்கணக்கில் ஆடிய மேசைகளில் ஒரே மாதிரி ஒரு கட்டம் வரும். கதாபாத்திரங்கள் அனுபவம் சேரச் சேர லெவல் ஏறும். பத்தாவது, பதினோராவது லெவல் வாக்கில், வாள் வீரரான ஃபைட்டரை ஆடுபவருக்கு ஆர்வம் குறைய ஆரம்பிக்கும். சண்டை தொடங்கிய முதல் சுற்றிலேயே மந்திரவாதியான விசார்ட் ஒரு மந்திரத்தைப் போட்டு எதிரிகளில் பாதிப் பேரை முடக்கியிருப்பார். மிச்சம் கிடப்பதை வெட்டிப்போடும் வேலைதான் ஃபைட்டருக்கு. சண்டை இல்லாத நேரத்திலும் அப்படித்தான். பூட்டிய கதவு, ஆற்றின் அக்கரை, கோட்டை மதில், துப்பு கிடைக்காத கொலை, எல்லாவற்றுக்கும் மந்திரப் பட்டியலில் ஒரு வரி இருக்கும்.

இதைச் சரிசெய்ய டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) எழுதிய ஹவுஸ் ரூல்களுக்கு, அதாவது அந்தந்த மேசையின் சொந்த விதிகளுக்கு, அளவே இல்லை. தெரு கிரிக்கெட்டில் பந்து எதிர்வீட்டு மாடிக்குப் போனால் அவுட் என்று வைத்துக்கொள்வதைப் போல, மேசைக்கு மேசை விதி மாறும். அவற்றில் பெரும்பாலானவை அந்த மேசையோடு மறைந்துவிடும். 2007ல் ஒரு ரசிகர் எழுதி இலவசமாக வெளியிட்ட ஒன்று மட்டும் இன்னும் ஆடப்படுகிறது. அதன் பெயர் ஈ6. சாரம் இவ்வளவுதான்: கதாபாத்திரங்கள் ஆறாவது லெவல் வரை வழக்கம்போல ஏறலாம். அதோடு லெவல் நின்றுவிடும். அதன்பின் சேரும் ஒவ்வொரு 5,000 அனுபவப் புள்ளிக்கும் ஒரு ஃபீட், அதாவது ஒரு சிறப்புத் தேர்ச்சி.

மந்திரவாதிகளைக் கட்டுப்படுத்த வந்த விதிகளில் இதுதான் மந்திரத்தின் மேல் கையே வைக்காத விதி. ஒரு மந்திரத்தையும் தடை செய்யவில்லை, ஒரு நாளில் போடக்கூடிய மந்திர எண்ணிக்கையில், அதாவது ஸ்லாட்களில், ஒன்றையும் குறைக்கவில்லை. பலித்ததற்குக் காரணமும் அதுதான் என்பது என் எண்ணம். ஏற்றத்தாழ்வு ஃபைட்டர், விசார்ட் என்ற கிளாஸில் இல்லை, ஏறும் வேகத்தில் இருந்தது.

பழைய கடிவாளங்கள் கழன்ற கதை

விசார்ட் எப்போதுமே இப்படி இருந்ததில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974ல் வெளியிட்ட முதல் பெட்டியிலிருந்தே மந்திரவாதி மெலிந்தவராகத் தொடங்கி வலியவராக வளர்பவர்தான். ஆனால் பழைய விதிகளில் அவரைச் சுற்றிப் பல கடிவாளங்கள் இருந்தன. அட்வான்ஸ்டு பதிப்புகளில் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு அடி விழுந்தால் போதும், மந்திரம் வீண். பகடை உருட்டித் தப்பிக்கவும் வழி கிடையாது. மந்திரங்களுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை படிநிலை உண்டு. இரண்டாம் பதிப்பில் ஒரு மந்திரத்தை மனப்பாடம் செய்ய அதன் ஒவ்வொரு படிநிலைக்கும் பத்து நிமிடம் ஆகும். ஒன்பதாம் படிநிலை மந்திரம் ஒன்றுக்கே ஒன்றரை மணி நேரம். உச்ச லெவல் விசார்ட் ஒருவர் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால், திரும்ப நிரப்ப ஒரு முழு நாளுக்கு மேல் புத்தகத்தோடு உட்கார வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சேவிங் த்ரோ, அதாவது மந்திரத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை. பழைய விதியில், மந்திரம் போடுபவர் எவ்வளவு பெரிய ஆள் என்பது பொதுவாகக் கணக்கில் வராது. தாக்கப்படுபவரின் லெவல்தான் கணக்கு. முதல் லெவல் ஃபைட்டர் மந்திரத்திலிருந்து தப்ப இருபது முகப் பகடையில் 17 வேண்டும். பதினேழாவது லெவலை எட்டியவருக்கு 6 போதும், அதாவது நான்கில் மூன்று முறை தப்பிவிடுவார். உயர்ந்த லெவலில் மந்திரம் ஏராளமாக இருந்தது. பெரிய எதிரி மேல் அது பலிப்பதுதான் அரிதாக இருந்தது.

லெவல் ஏற வேண்டிய புள்ளிகளும் கிளாஸுக்கு கிளாஸ் வேறு. இரண்டாம் பதிப்பில் இரண்டாவது லெவலுக்குத் திருடரான ரோகுக்கு 1,250, ஃபைட்டருக்கு 2,000, விசார்டுக்கு 2,500. இதையும் பெரிய கடிவாளமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அட்டவணையைக் கீழே வரை பார்த்தால் ஏழாவது லெவலுக்கு விசார்டுக்கு 60,000 போதும், ஃபைட்டருக்கு 64,000 வேண்டும். நடு லெவலில் விசார்டே முந்திவிடுகிறார். பழைய ஆட்டத்தை நினைத்து உருகுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

2000ல் வந்த மூன்றாம் பதிப்பு ஆட்டத்தை மொத்தமாகச் சீரமைத்தது. அது பல வகையில் நல்ல சீரமைப்பு. எல்லாக் கிளாஸுக்கும் ஒரே அனுபவப் புள்ளி அட்டவணை, எல்லாச் செயலுக்கும் ஒரே பகடை முறை. ஆனால் ஒழுங்குபடுத்தும் வேகத்தில் கடிவாளங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எட்டு மணி நேரம் ஓய்வு, ஒரு மணி நேரம் படிப்பு, மந்திரம் மொத்தமும் தயார். எதிரி பக்கத்தில் நின்றாலும் கான்சென்ட்ரேஷன் திறனை உருட்டிப் பாதுகாப்பாக மந்திரம் போடலாம். வேண்டிய எண் 15 கூட்டல் மந்திரத்தின் படிநிலை. லெவல் ஏற ஏற அந்தத் திறனும் ஏறுவதால் பதின்மூன்றாவது லெவலில் தோற்பதே அபூர்வம். உருட்டக்கூட மனமில்லை என்றால் ஐந்து அடி பின்னால் நகர்ந்து நின்று போட்டுவிடலாம்.

சேவ் தலைகீழானது. புதிய விதியில் தப்ப வேண்டிய எண் 10, மந்திரத்தின் படிநிலை, போடுபவரின் அறிவு போனஸ் மூன்றும் சேர்ந்தது. பதினேழாவது லெவல் விசார்டின் அறிவு 30 என்று வைத்துக்கொள்வோம், அந்த லெவலில் அது சாதாரணம். ஒன்பதாம் படிநிலை மந்திரத்துக்கு எண் 29 ஆகிறது. எதிரே நிற்பவர் பதினேழாவது லெவல் ஃபைட்டர். மனத்தைத் தாக்கும் மந்திரங்களிலிருந்து தப்ப உதவும் அவருடைய அடிப்படை வில் சேவ் 5. ஞான போனஸ் ஒன்று, நல்ல மேலங்கி தரும் ஐந்து, எல்லாம் சேர்த்தாலும் 11. பகடையில் 18 விழ வேண்டும். பழைய பதிப்பில் 75 சதவீதம் தப்பியவர் இங்கே 15 சதவீதம் தப்புகிறார். ஃபைட்டர் மெலிந்துபோகவில்லை, ஏணியை எதிர்ச் சுவரில் சாய்த்துவிட்டார்கள்.

மந்திரத்தை வெட்டிய விதிகள்

இதைப் பதிப்பகமே கவனிக்காமல் இல்லை. 2003ல் வந்த 3.5 பதிப்பின் ஒரு பெரும்பகுதி மந்திரத் திருத்தம்தான். முன்பு வேகம் கூட்டும் ஹேஸ்ட் போட்டுக்கொண்டால் ஒரு சுற்றில் இரண்டு மந்திரம் போடலாம். அதை வெட்டி, கூடுதலாக ஒரு ஆயுத அடி மட்டும் என்றாக்கினார்கள். ஹார்ம் முன்பு சேவ் இல்லாமலே எதிரியைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோகும். அதற்கு உச்சவரம்பும் சேவும் வந்தன. வலிமை கூட்டும் மந்திரங்கள் மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு இறங்கின. உருவம் மாற்றும் பாலிமார்ஃபை அதற்குப் பிறகும் திருத்திக்கொண்டே இருந்தார்கள்.

மேசைகளிலும் இதே வழிதான். ஒரு மந்திரம் தொல்லை தந்தால் தடை, அடுத்தது தந்தால் அடுத்த தடை. இந்த வழிக்கு முடிவு கிடையாது. அடிப்படைப் புத்தகத்திலேயே நூற்றுக்கணக்கான மந்திரங்கள், அப்புறம் வந்த துணைநூல்களில் இன்னும் ஏராளம். ஒன்றை அடைத்தால் விசார்ட் ஆடுபவர் வேறொன்றைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்க வேண்டும் என்றுதானே அந்தக் கிளாஸை எடுத்தார்? இன்னொரு சங்கடமும் உண்டு. பத்து மாதம் காத்திருந்து எட்டிய மந்திரத்தை, எட்டிய வாரமே டிஎம் அடித்துவிட்டால் அதை யாரும் சமநிலை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்லாட்டுக்குப் பதிலாகப் புள்ளி முறை என்று சிலர் போனார்கள். 2004ல் வந்த அனெர்த்டு ஆர்க்கேனாவில் அதற்கு அதிகாரபூர்வ மாற்றுவிதியே இருக்கிறது. ஆனால் அது விசார்டுக்குச் சாதகமாகவே முடிகிறது. எல்லாப் புள்ளியையும் பெரிய மந்திரத்தில் கொட்டலாம் என்றால் யார்தான் சின்ன மந்திரம் போடுவார்கள்?

மந்திரம் போட ஒவ்வொரு முறையும் பகடை உருட்ட வேண்டும் என்ற விதி கேட்க நியாயமாக இருக்கும். நடைமுறையில் கீழ் லெவலில் விசார்ட் ஏற்கெனவே நோஞ்சான், அவருடைய ஒரே மந்திரமும் பாதி நேரம் புஸ்ஸாகிப் போகும். மேல் லெவலில் திறன் எண் எகிறிவிடுவதால் தோல்வியே வராது. எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே பிடிக்காத பிரேக். 2006ல் டோம் ஆஃப் மேஜிக் நூலில் பதிப்பகமே ட்ரூநேமர் என்று ஒரு கிளாஸை இந்த முறையில் செய்து பார்த்தது. அங்கே நேர் எதிர்ப் பிழை. வேண்டிய எண் 15 கூட்டல் எதிரியின் வலிமையைச் சொல்லும் சவால் எண்ணில் இரண்டு மடங்கு. எதிரி ஒரு படி ஏறினால் இலக்கு இரண்டு ஏறும், திறனோ லெவலுக்கு ஒன்றுதான் ஏறும். லெவல் ஏற ஏற ஆள் மோசமாகிக்கொண்டே போவார்.

ஃபைட்டரை உயர்த்துவோம் என்ற எதிர்வழியும் அதே ஆண்டு புத்தகமாக வந்தது. டோம் ஆஃப் பேட்டில் நூலில் வந்த வார்பிளேடு, க்ரூசேடர், ஸ்வார்ட்சேஜ் மூன்றும் சண்டைக் கலையை மந்திரம் போலவே படிநிலை பிரித்துக் கற்பவை. எனக்குப் பிடித்த நூல். இருந்தாலும் அது சண்டைக்குள் இருக்கும் இடைவெளியைத்தான் குறைத்தது. விசார்ட் நாட்டுக்கு நாடு ஒரு நொடியில் போவதற்கு வார்பிளேடிடமும் பதில் இல்லை.

ஏன் ஆறு?

ஐந்தோ பத்தோ இல்லாமல் ஆறு என்ற எண் எப்படி வந்தது என்பதில்தான் இந்த விதியின் அழகு. 3.5 அட்டவணைகளை அருகருகே வைத்தால் தெரிந்துவிடும்.

ஆறாவது லெவலில் ஃபைட்டருக்கு ஒரே நேரத்தில் நிறையக் கிடைக்கிறது. அடிப்படைத் தாக்குதல் +6ஐ எட்டுவதால் ஒரு சுற்றில் இரண்டாவது அடி வருகிறது. எல்லோருக்கும் வரும் ஃபீட் ஒன்று, ஃபைட்டருக்கு மட்டும் வரும் ஃபீட் ஒன்று. சேவ்களும் ஏறுகின்றன. அதே லெவலில் விசார்டுக்கு எல்லோருக்கும் வரும் அந்த ஃபீட் தவிர புதிதாக எதுவும் திறப்பதில்லை. இரண்டாம் படிநிலையில் ஒரு ஸ்லாட், மூன்றாம் படிநிலையில் ஒரு ஸ்லாட், அவ்வளவுதான்.

ஏழாவது லெவலுக்குப் போனால் காட்சி அப்படியே மாறுகிறது. ஃபைட்டருக்குத் தாக்குதலில் ஒன்று கூடும், கொஞ்சம் உயிர்ப்புள்ளி, சில திறன் புள்ளிகள். ஃபீட் கிடையாது, சேவ் ஏறாது. விசார்டுக்கோ நான்காம் படிநிலை திறக்கிறது: பாலிமார்ஃப், டைமென்ஷன் டோர், தொலைவில் இருப்பவரை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும் ஸ்க்ரையிங். ஒன்பதில் ஒரு நொடியில் வேறு ஊருக்குப் போகும் டெலிபோர்ட், பூசாரியான கிளெரிக்குக்குச் செத்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட். அதன் பிறகு இரண்டு லெவலுக்கு ஒரு முறை இன்னொரு கதவு. ஆக, ஃபைட்டர் ஒரு சிகரத்தில் நிற்கும்போது விசார்ட் சமதளத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரே இடம் ஆறாவது லெவல். ஆட்டத்தை அங்கே நிறுத்துகிறது ஈ6.

சேத எண்களும் இதையே சொல்கின்றன. வலிமை 18, இரு கைப் பெருவாள், +1 மந்திர ஆயுதம், அந்த ஆயுதத்தில் சிறப்புப் பயிற்சி ஃபீட்கள் என்று ஒரு சாதாரண ஆறாவது லெவல் ஃபைட்டர். ஒரு அடிக்குச் சராசரி 16 சேதம், தாக்குதல் +12, +7. எதிரியின் கவச எண் (அடி விழ எட்ட வேண்டிய எண்) 18 என்றால் முதல் அடி 75 சதவீதம் விழும், இரண்டாவது 50 சதவீதம். சுற்றுக்குச் சராசரி 20. விசார்டின் ஃபயர்பால் ஆறு பகடை, சராசரி 21, எதிரி சேவ் செய்தால் பாதி. ஃபயர்பால் கூட்டத்தையே எரிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறிவு 16க்கு மேல் உள்ள விசார்டிடம் மூன்றாம் படிநிலை ஸ்லாட் ஒரு நாளைக்கு மூன்றுதான். ஃபைட்டரின் வாளுக்கு அந்த எண்ணிக்கை கிடையாது. ஒருவர் அவ்வப்போது வெடிப்பவர், மற்றவர் நாள் முழுவதும் நிற்பவர். ஆட்டத்தின் பின்பாதியில் காணாமல் போன இந்தப் பங்கீடு இங்கே உயிரோடு இருக்கிறது.

ஓய்வு விஷயமும் தானாகச் சரியாகிறது. நான்கு மந்திரம் போட்டுவிட்டு உடனே ஓய்வெடுக்கப் போகும் பழக்கம் 3.5 மேசைகளில் பெரிய வியாதி. ரோப் ட்ரிக் போட்டு யாரும் நுழைய முடியாத இடத்தில் ஏறிப் படுத்துவிடுவார்கள். அந்த மந்திரம் லெவலுக்கு ஒரு மணி நேரம் நீடிக்கும். எட்டாவது லெவலில் எட்டு மணி நேரம், அதாவது ஒரு முழு ஓய்வு. ஆறாவது லெவலில் ஆறு மணி நேரம்தான், தூக்கம் பாதியில் கலையும். எக்ஸ்டெண்ட் ஸ்பெல் ஃபீட் எடுத்து நீட்டலாம். ஆனால் அதற்கு மூன்றாம் படிநிலை ஸ்லாட் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டும். அதாவது ஒரு ஃபயர்பால் போச்சு. இப்படிப்பட்ட பேரம்தான் எனக்கு வேண்டும். தடையே போடாமல் தேர்வு கடினமாகிறது.

இருநூறு மைல் தொலைவில் ஒரு கடிதம்

சமநிலை என்றதும் எல்லோரும் சண்டைக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். 3.5ல் உண்மையான இடைவெளி சண்டைக்கு வெளியே. ஒரு சின்னச் சோதனை: நான்கு பேர் கொண்ட குழு, 200 மைல் தள்ளி இருக்கும் நகரத்துக்கு ஒரு கடிதத்தைச் சேர்க்க வேண்டும். வழியில் காடு, ஆறு, கொள்ளையர் கணவாய் என்று டிஎம் மூன்று வாரத்துக்கு ஆட்டம் தயாரித்திருக்கிறார்.

ஒன்பதாவது லெவலில் விசார்ட் டெலிபோர்ட் போடுகிறார். எட்டும் தூரம் லெவலுக்கு 100 மைல், ஆக 900 மைல். மூன்று லெவலுக்கு ஒருவர் என்று கூட மூன்று பேரை அழைத்துப்போகலாம். குழுவில் நான்கு பேர், கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஒரே செயல். டிஎம்மின் மூன்று வாரத் தயாரிப்பு குப்பைக்கூடைக்கு. ரேஞ்சரின் காட்டறிவு, ரோகின் பதுங்கல், ஃபைட்டரின் குதிரையேற்றம் எதற்கும் வேலை இல்லை.

ஈ6ல் அதே குழு குதிரை வாங்க வேண்டும். அதிக சுமை இல்லாத குதிரை ஒரு நாளைக்கு 48 மைல் போகும், ஆக ஐந்தாவது நாள்தான் நகரம். விசார்டுக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. ஃபேன்டம் ஸ்டீட் என்ற மூன்றாம் படிநிலை மந்திரம் ஆவிக்குதிரை ஒன்றை வரவழைக்கும். ஆறாவது லெவலில் அது மணிக்குப் பன்னிரண்டு மைல் ஓடும், ஆறு மணி நேரம் நிற்கும், ஒரு நாளில் 72 மைல். ஆனால் ஒரு மந்திரத்துக்கு ஒரு குதிரை. கையில் மூன்று ஸ்லாட், குழுவில் நான்கு பேர். யாரோ ஒருவர் சாதாரணக் குதிரையில் பின்தங்க வேண்டும், அல்லது யாரோ ஒருவர் மட்டும் கடிதத்தோடு முன்னால் பறக்க வேண்டும். மூன்று ஸ்லாட்டும் குதிரைக்கே போனால் அன்று கணவாயில் கொள்ளையர் வரும்போது ஃபயர்பால் இல்லை. மேசையில் அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். விசார்ட் இன்னும் பயனுள்ளவர், பயணமும் இன்னும் பயணமாகவே இருக்கிறது.

மரணமும் இப்படித்தான் எடை கூடுகிறது. ரெய்ஸ் டெட் ஐந்தாம் படிநிலை, ஈ6 உலகில் அதைப் போடும் கிளெரிக் யாரும் இல்லை. செத்தவரை மீட்க வேண்டுமென்றால் டிஎம் அதைக் கதையாக்க வேண்டும்: ஒரு புனிதத் தலம், ஒரு பழைய கடன், அல்லது மந்திரம் எழுதிய ஒரு சுருள். சுருள் விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். தன் லெவலுக்கு மேற்பட்ட சுருளையும் 3.5 விதிப்படி படித்துப் பார்க்கலாம். ஒன்பதாவது லெவல் டெலிபோர்ட் சுருளுக்கு வேண்டிய எண் 10, ஆறாவது லெவல் விசார்ட் பகடையோடு ஆறைக் கூட்டுவார், 4 விழுந்தால் பலிக்கும். ஆனால் அப்படி ஒரு சுருளை எழுத இன்று உலகில் ஆள் கிடையாது. இடிந்த கோபுரத்தில் ஒன்று கிடைத்தால் அது அந்தக் கதையின் பெரும் புதையல். வழக்கமான ஆட்டத்தில் கடையில் விலைகொடுத்து வாங்கும் சரக்கு அது.

அரக்கர்களும் மீண்டும் அரக்கர்களாகிறார்கள். வளர்ந்த சிவப்பு டிராகனின் சவால் எண் 15. வழக்கமான ஆட்டத்தில் கொஞ்ச மாதம் கழித்து அதைத் தேடிப் போய்க் கொல்வார்கள். ஈ6ல் அதை நேருக்கு நேர் எதிர்க்க யாருக்கும் துணிவு வராது. ஊரைத் திரட்டி, பெரிய விற்பொறிகளை மலையேற்றி, அது தூங்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும்.

ஒழுகும் இடங்கள்

இந்த விதியைப் புகழ்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: இயற்கை மந்திரம் போடும் ட்ரூயிடை ஈ6 தொடவே இல்லை. ஐந்தாவது லெவலில் விலங்கு உருவம் எடுக்கும் ஆற்றல் வருகிறது. ஆறாவது லெவலில் நேச்சுரல் ஸ்பெல் ஃபீட் எடுத்தால் விலங்காக இருந்தபடியே மந்திரம் போடலாம். கூடவே ஒரு துணை விலங்கு, அது மட்டுமே பாதி ஃபைட்டருக்குச் சமம். 3.5ல் கிளெரிக்கையும் ட்ரூயிடையும் மேல்நாட்டு ரசிகர்கள் காட்ஸில்லாவோடு சேர்த்துப் பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்தது சும்மா இல்லை. அதில் கிளெரிக்கை ஆறாவது லெவல் ஓரளவு அடக்கிவிடுகிறது. ட்ரூயிட் தன் கிளாஸின் மிக வசதியான இடத்தில் போய் நிற்கிறார். என் மேசை என்றால் 2006ன் இரண்டாம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இருக்கும் உருமாற்ற மாற்றுவிதியை எடுப்பேன். அதில் துணை விலங்கு கிடையாது, உருமாற்றமும் கட்டுக்குள் இருக்கும். ஆடுபவர் சம்மதிக்காவிட்டால் நேச்சுரல் ஸ்பெல்லையாவது எடுத்துவிடுவேன்.

அடுத்தது, முடிவில்லாமல் வரும் ஃபீட்கள். லெவல் நின்ற பிறகு ஃபீட்தான் ஒரே வளர்ச்சி. ஃபைட்டருக்கு அது பொற்காலம், பட்டியலில் அவருக்கான ஃபீட்கள்தான் அதிகம். ஆனால் 2004ன் கம்ப்ளீட் ஆர்க்கேன் நூலில் எக்ஸ்ட்ரா ஸ்லாட் என்று ஒன்று உண்டு. தன் உச்சப் படிநிலைக்கு ஒன்று குறைந்த படிநிலை வரை ஒரு ஸ்லாட் கூடுதலாகத் தரும். விசார்ட் அதைத் திரும்பத் திரும்ப எடுத்தால் இரண்டாம் படிநிலை ஸ்லாட்கள் குவியும். எதிரிகளை வலையில் சிக்கவைக்கும் வெப் மந்திரம் வரிசையாக விழுந்துகொண்டே இருக்கும். நாள் முழுவதும் நிற்பவர் ஃபைட்டர் மட்டுமே என்ற பங்கீடு அங்கே உடைகிறது. ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் கிடையாது என்று முன்னாடியே சொல்லிவிடுவது நல்லது. துணையாள் ஒருவரைச் சேர்த்துத் தரும் லீடர்ஷிப் ஃபீட்டும் சரியாக ஆறாவது லெவலில்தான் திறக்கிறது. நாலு பேரும் அதை எடுத்தால் மேசையில் எட்டு முக்கியப் பாத்திரங்கள் வந்து நிற்பார்கள், ஒரு சண்டை முடிய ராத்திரி ஆகிவிடும்.

மூன்றாவது, பணம். மந்திரப் பொருள் செய்யும் ஃபீட்களில் சிலவற்றுக்கு ஆறைத் தாண்டிய லெவல் தேவை என்பதால் மோதிரம், மந்திரத்தடியான ஸ்டாஃப் எல்லாம் தானாக அடைபடுகின்றன. ஆயுதமும் +2க்கு மேல் போகாது, ஏனென்றால் ஒவ்வொரு கூட்டலுக்கும் செய்பவருக்கு மூன்று லெவல் வேண்டும். மந்திரக்கோல் மட்டும் ஐந்தாவது லெவலிலேயே செய்யலாம். ஐம்பது முறை ஃபயர்பால் போடும் கோலின் விலை 11,250 பொற்காசு, தானே செய்தால் பாதி. ஆறாவது லெவல் ஆளிடம் இருக்க வேண்டிய மொத்தச் சொத்தே 13,000 என்கிறது விதிநூல். முதலில் அது தடுப்பாக இருக்கும். ஆனால் லெவல் நின்றாலும் புதையல் நிற்பதில்லை. வருடக்கணக்கில் ஓடும் கதையில் பொற்காசைக் கோட்டை, படை, கப்பல் என்று வேறு பக்கம் இழுக்காவிட்டால் மந்திரக்கோல்கள் வழியாகப் பழைய வியாதி திரும்பி வரும்.

இன்னொரு சிக்கலை எழுதியவரே கவனித்திருந்தார். சவால் எண் 5 மட்டுமே உள்ள பாசிலிஸ்க் பார்த்தாலே கல்லாக்கிவிடும். கல்லிலிருந்து மீட்கும் மந்திரமோ ஆறாம் படிநிலை. அதனால் அந்த மாதிரி பாதிப்புகளை, நேரமும் செலவும் பிடிக்கும் ஒரு சடங்காகச் செய்து நீக்க உதவும் ஃபீட்களையும் சேர்த்தே கொடுத்தார். மேல் லெவல் மந்திரத்தை மொத்தமாக வெட்டாமல், மெதுவானதாக்கிக் கீழே இறக்கும் இந்த யோசனையை வேறு மந்திரங்களுக்கும் நீட்டிய மேசைகள் உண்டு. எட்டில் நிறுத்தும் ஈ8, 3.5ஐ ஒட்டி வந்த பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்துக்கு பி6 என்று கிளைகளும் வந்தன. எட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்காம் படிநிலை உள்ளே வந்துவிட்டால் பாலிமார்ஃபும் வந்துவிடும், திரும்பத் தடைப் பட்டியல் எழுத உட்கார வேண்டியதுதான்.

புதிய பதிப்புகள் ஆடுபவர்களுக்கு

2008ன் நான்காம் பதிப்பு எல்லாக் கிளாஸுக்கும் ஒரே சட்டகத்தைக் கொடுத்தது: எப்போதும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை. சமநிலை வந்தது, விசார்டும் ஃபைட்டரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்ற புகாரும் வந்தது. 2014ன் ஐந்தாம் பதிப்பு வேறு வழி எடுத்தது. இருபதாவது லெவல் விசார்டுக்கு 3.5ல் போனஸ் இல்லாமலே 36 ஸ்லாட், ஐந்தாம் பதிப்பில் 22. கவனத்தில் நிறுத்திவைக்கும் மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான். குறுகிய ஓய்வு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வு ஏழு நாள் என்று மாற்றிக்கொள்ளும் விருப்ப விதியும் அதன் டஞ்சன் மாஸ்டர் நூலில் இருக்கிறது. மந்திரம் எவ்வளவு வலியது என்பதைத் தொடாமல் எவ்வளவு அடிக்கடி என்பதைத் தொடும் விதி அது. ஐந்தாம் பதிப்பு மேசைக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ஆறில் நிறுத்தும் யோசனையை அங்கே அப்படியே பொருத்தினால் அவ்வளவு சுகப்படாது. ஐந்தாம் பதிப்பில் ஃபீட்கள் பெரியவை, எண்ணிக்கையும் குறைவு. 5,000 புள்ளிக்கு ஒன்று என்று கொடுத்தால் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

யாருக்கு ஈ6 ஆகாது என்பதும் தெளிவு. தேவர்களோடு மல்லுக்கட்டும், உலகம் விட்டு உலகம் தாவும் கதை வேண்டுபவர்களுக்கு இது சிறை. அச்சில் வந்த நீண்ட சாகசங்கள் பலவும் பத்து, பதினைந்து லெவலை நோக்கி எழுதப்பட்டவை, அவற்றின் பின்பாதி பயன்படாது. முதல் நாளே சொல்லாமல் நடுவில் கொண்டுவந்தால் இதுவும் விசார்ட் மேல் விழும் தண்டனைதான். ஒன்பதாவது லெவலில் ஓடிக்கொண்டிருக்கும் கதையில் இதைத் திணிக்க வேண்டாம். அந்தக் கதையை அதன் போக்கில் முடித்துவிட்டு, அடுத்த கதைக்குப் பாத்திரம் உருவாக்கும் அன்று, விசார்ட் எடுக்க நினைப்பவர் தாளில் பெயர் எழுதும் முன்பே சொல்லுங்கள்.